அப்ரண்டிஸ் வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் கான்ட்ராக்ட் எண்ணைக் கேளுங்கள்

ஒரகடம், ஓசூர் பக்கம் ஐ.டி.ஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் பலர் அப்ரண்டிஸ் (கம்பெனியிலேயே தொழில் பழகும் பயிற்சி) என்று நம்பி வருஷக்கணக்கில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கம்பெனி லெட்டரோடு வெளியே வருகிறார்கள். அப்ரண்டிஸ் சான்று கேட்கும் எந்த அரசு வேலைக்கும் அந்த லெட்டர் செல்லாது. அரசு தரும் சான்றிதழ் வேண்டுமென்றால், உங்கள் பெயரில் கான்ட்ராக்ட், அதாவது பயிற்சி ஒப்பந்தம், அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்க வேண்டும்; அந்தப் பதிவின் எண்தான் கான்ட்ராக்ட் எண்.

அப்ரண்டிஸ் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

‘சேருங்க தம்பி, போர்ட்டல்ல அப்புறம் ஏத்திக்கலாம்’ என்று ஹெச்.ஆர் சொன்னால் உஷாராகிவிடுங்கள். ஐ.டி.ஐ முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல், டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்குப் பெரும்பாலும் நேட்ஸ் (NATS) என்ற மத்திய அரசுத் திட்டத்தின் போர்ட்டல். இரண்டிலும் பதிவு இலவசம், யாருக்கும் பணம் கட்டாதீர்கள். கணக்கை உங்கள் போன் நம்பரிலேயே தொடங்குங்கள், ஏஜென்ட் நம்பர் கொடுத்தால் ஓ.டி.பி எல்லாம் அவருக்குத்தான் போகும். சம்பளச் சீட்டில் பி.எஃப் பிடித்திருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு பி.எஃப் கிடையாது.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இனிஷியலில்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் தொங்கும், இ-சேவைக்குப் போனால் பேங்கைக் கேள் என்பார்கள், பேங்கில் ஆதாரைத் திருத்திவிட்டு வா என்பார்கள். வேலை தேடும் முன்பே சரிசெய்து வைத்துவிடுங்கள்.

ஸ்டைபண்டுக்கு, அதாவது பயிற்சிக்கால உதவித்தொகைக்கு, 2019 விதி வைத்த குறைந்தபட்சத் தொகை மாதம் ஐ.டி.ஐக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய். இதற்குக் கீழே பேரம் பேசவே கூடாது. ஐ.டி.ஐ பிரிவில் அதில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 வரை, அரசு நேராகப் போடும். ஆனால் அது நீங்கள் கம்பெனியில் கொடுத்த கணக்குக்கு வராது, ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தீர்களோ அங்கே போய்விடும். பள்ளியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் கிடக்க, ‘அரசு தரவே இல்லை’ என்று அலைகிறவர்கள் உண்டு.

டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி: ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் நேட்ஸில் சேர முடியாது. சும்மா இருக்க வேண்டாமே என்று ஏதோ ஒரு கம்பெனியில் ஒட்டிக்கொண்டவனைத்தான் இந்த விதி தள்ளிவிடுகிறது, இதில் என்ன நியாயமோ!

பாதியில் விலகினால் போர்ட்டலில் கான்ட்ராக்டை முறைப்படி முடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த இடத்தில் சேரும்போது இடிக்கும். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். முடித்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அந்த வாய்வாக்கை நம்பி சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். மெஷினில் அடிபட்டால் இழப்பீடு தருவது கம்பெனியின் பொறுப்பு, ‘நீ டிரெயினிதானே’ என்று தட்டிக்கழிக்க முடியாது.

புகார் என்றால் ஐ.டி.ஐ பிரிவுக்கு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், நேட்ஸ் என்றால் சென்னை தரமணியில் உள்ள அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம். ‘கம்பெனியில பேசிக்கோ’ என்று வாயால் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கான்ட்ராக்ட் எண், பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் இணைத்து எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் வாங்காமல் கிளம்பாதீர்கள். சீல் போட மறுத்தால் அதே மனுவை டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள் (பழைய பதிவுத் தபால் 2025இல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது).