திருகாணி: ஸ்க்ரூவுக்கு வீட்டிலேயே இருக்கும் சொல்

ஹார்டுவேர் கடையில் 'ஸ்க்ரூ ஒரு பாக்கெட்' என்றுதான் கேட்கிறோம். ஆனால் தோட்டின் பின்புறம் கழன்று விழுந்தால், 'திருகாணியைக் காணோம்' என்று வீடே கட்டிலுக்கடியில் தவழும். சொல் அதேதான். அடித்து இறக்குவது ஆணி, திருகி இறக்குவது திருகாணி. அதைத் திருப்பும் உளி திருப்புளி. ஆணியின் உடலைச் சுற்றி ஓடும் புரி, மரை. அது கழன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

'ஸ்க்ரூ' ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது குறித்தது ஆணியை அல்ல, நட்டை. அதற்கும் மூலம் பெண் பன்றியைக் குறிக்கும் லத்தீன் சொல் 'ஸ்க்ரோஃபா' என்பது பலர் கருத்து. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் போர்ச்சுகீசில் இன்றும் 'போர்க்கா' என்றால் பெண் பன்றியும்தான், நட்டும்தான்.

இந்தச் சிறு பொருளில் பணம் சேர்த்து அரசியலுக்கு வந்தவர் பிரிட்டனின் ஜோசப் சேம்பர்லின். அந்நாள் திருகாணிக்கு முனை மழுங்கல். முதலில் துளை போட்டால்தான் மரத்தில் ஏறும். கூர்முனைத் திருகாணி செய்யும் அமெரிக்க இயந்திரத்தின் உரிமையை வாங்கினார் பர்மிங்காமில் இருந்த உறவினர் நெட்டில்ஃபோல்ட். லண்டனில் காலணித் தொழில் நடத்திய சேம்பர்லினின் தந்தை அதில் முதல் போட்டார். போட்ட பணத்தைப் பார்த்துக்கொள்ள 1854-இல் 18 வயது மகனையும் அனுப்பினார். பையன் கணக்கும் விற்பனையும் பார்த்தான். இங்கிலாந்தின் உலோகத் திருகாணிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஆலையில் உருவான காலமும் வந்தது.

1873-இல் பர்மிங்காம் நகர மேயர். மறு ஆண்டே தொழிலை விட்டார். கேஸ் கம்பெனிகளையும் குடிநீரையும் நகராட்சியின் கைக்குக் கொண்டுவந்தார், குடிசைப் பகுதிகளை இடித்தார். 1876-இல் நாடாளுமன்றம். 1895 முதல் 1903 வரை குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போர் அவர் காலத்துக் கறை. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதா என்ற சிக்கலில் 1886-இல் லிபரல் கட்சி பிளந்ததிலும், 1903-க்குப் பின் இறக்குமதி வரியை வைத்துக் கன்சர்வேட்டிவ்கள் பிளந்ததிலும் அவர் கை உண்டு. பலகைகளை இணைக்கும் பொருளை விற்றவர்!

சிறு ஆலைகளை நசுக்கித்தான் வளர்ந்தார் என்று எதிரிகள் ஏசினார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்க்ரூ' வினையானால் கசக்கிப் பிழிவது என்றும் பொருள்படும். நம் திருகும் சாது அல்ல: காதைத் திருகுகிறோம், ஏமாற்று வேலையைத் திருகுதாளம் என்கிறோம்.