புறநகரா, துணைநகரமா?

‘சபர்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்காக, சென்னையை ஒட்டிய தாம்பரத்தைத் ‘துணைநகரம்’ என்று எழுதிய மொழிபெயர்ப்பு இந்த வாரமும் கண்ணில் பட்டது. இனியும் சும்மா இருப்பதற்கில்லை.

‘சபர்ப்’ லத்தீன் வழி வந்த சொல். ‘சப்’ என்றால் கீழே, அருகே; ‘உர்ப்ஸ்’ நகரம். தமிழில் புறநகர். இதைவிடப் பழைய சொல்லும் உண்டு: கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்குள் போகுமுன் தங்கியது புறஞ்சேரி. அங்கே இருந்தவர்கள் அறவோர். ‘சேரி’ மீது பிறகு நாம் சாதியை ஏற்றிவிட்டதால் அந்தச் சொல்லை இனி மீட்க முடியாது. போகட்டும், புறநகர் போதும்.

துணைநகரம் எங்கிருந்து வந்தது? ‘சாட்டிலைட் டவுன்’ என்பதைக் கோப்புகளில் ‘துணைக்கோள் நகரம்’ ஆக்கினார்கள். ஏதோ ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய ஊர் மாதிரி! அது வாய்க்கு நீளமாக இருக்கவே ‘கோள்’ உதிர்ந்தது. மிச்சத்தை எடுத்து இப்போது எல்லாப் புறநகருக்கும் ஒட்டுகிறார்கள். சாட்டிலைட் டவுன் வரைபடம் போட்டுத் தனியாகக் கட்டுவது. புறநகர் தானாகப் படர்வது. தாம்பரத்துக்கு யார் வரைபடம் போட்டார்கள்? 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. தண்டவாளத்தையும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையையும் பிடித்துக்கொண்டு வீடுகள் பெருகின. வழியில் குரோம் தோல் தொழிற்சாலை ஒன்று குரோம்பேட்டைக்குப் பெயரையே கொடுத்தது. பல்லாவரமோ, 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இடம். மதராசுக்குக் கோட்டை எழுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் நடமாடிய மண், யாருக்குத் துணை?

‘2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டதே, இன்னும் என்ன புறநகர்?’ என்பார்கள். மாநகராட்சி என்பது வரி வசூலிக்கும் எல்லை. காலை எட்டரை மணிக்குக் கடற்கரை வண்டியில் ஏறிப் பாருங்கள். படிக்கட்டில் தொங்குகிறவர்கள் எந்த நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று தெரியும். அந்த வண்டிக்கு ரயில்வேயே ‘புறநகர் ரயில்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில் டிக்கெட் கவுன்டர் பலகையைப் படித்திருக்கலாம்.

சரி, திட்டமிட்டுக் கட்டும் ஊருக்கு என்ன சொல்? வடசென்னைப் பக்கம் போனால் பேருந்து நடத்துநரே கூவுவார்: மணலி புதுநகர்.