உலோகத்துக்குள் ஊரும் ஹைட்ரஜன்

பணகுடி தாண்டினால் மேற்கே தெரியும் மகேந்திரகிரியில், மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனை எரித்து இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. அதே நெல்லைச் சீமையின் கடலோரம், கூடங்குளத்து அணுஉலையில், ஹைட்ரஜன் வேண்டாத விருந்தாளி.

யுரேனிய வில்லைகளை அடைத்துவைக்கும் குழாய்கள் சிர்கோனியக் கலவையால் ஆனவை. கொதிநிலைக்கு மேல் சூடான நீர் அவற்றை மெல்ல அரிக்கும்போது ஆக்சிஜன் மேலே படலமாகத் தங்கிவிடும். பிரிந்த ஹைட்ரஜனில் ஒரு பங்கு உலோகத்துக்குள் இறங்கும். இறங்கியது சும்மா இருக்காது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு ஊரும். இழுவிசை மிகுந்த விரிசல் முனையைத் தேடிப் போகும். அளவு மிஞ்சினால், உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரைடு என்ற சேர்மமாகப் படியும். அது எளிதில் நொறுங்கும். ஹைட்ரஜனால் ஒடியும் வியாதி இரும்புக்கும் உண்டு. அமிலத்தில் ஊறிய இரும்பு ஒடிவதை ஜான்சன் என்ற ஆய்வாளர் 1875-லேயே எழுதிவிட்டார். முலாம் பூசிய உயர்வலிமை போல்ட்டுகளைச் சுமார் 200 டிகிரி அடுப்பில் மணிக்கணக்காக வைப்பது உள்ளே போன ஹைட்ரஜனை விரட்டத்தான்.

இந்த ஊர்தலை எப்படிப் பார்ப்பது? எக்ஸ்-ரே எலக்ட்ரான்களிடம்தான் மோதும். சிர்கோனியத்துக்கு 40 எலக்ட்ரான், ஹைட்ரஜனுக்கு ஒன்றே ஒன்று. எங்கே தெரியும்? நியூட்ரானுக்கு மின்னேற்றம் கிடையாது. எலக்ட்ரான் கூட்டத்தைச் சட்டை செய்யாமல் அணுக்கருவரை போய்விடும். அங்கே கணக்கு தலைகீழ். நியூட்ரானைச் சிதறடிக்கும் திறனைப் பார்ன் என்ற அலகில் அளப்பார்கள்: ஹைட்ரஜனுக்குச் சுமார் 82 பார்ன், இரும்புக்கு 12-க்குள், சிர்கோனியத்துக்கு 6.5, அலுமினியத்துக்கு வெறும் 1.5.

ஆராய்ச்சி அணுஉலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றை உலோகத் துண்டைக் கடந்து ஒரு திரையில் விழும். திரையிலுள்ள லித்தியம்-6 நியூட்ரானை விழுங்கி உடையும். சிதறும் துகள்கள் துத்தநாக சல்பைடை ஒளிரவைக்கும். அந்த ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் கேமராவில் பிடிப்பார்கள். நேர்க்கோட்டில் வைத்தால் கேமராவே கதிர்வீச்சில் கெட்டுப்போகும். ஹைட்ரஜன் ஏறாத துண்டின் படத்தோடு ஒப்பிட்டால், எங்கே எவ்வளவு கருத்திருக்கிறதோ அங்கே அவ்வளவு ஹைட்ரஜன். அடுத்தடுத்துப் படமெடுத்தால் நகர்வு தெரியும். துண்டைச் சுழற்றி எடுத்தால் முப்பரிமாண வடிவமே கிடைக்கும். 2014-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இரும்புக்குள் ஹைட்ரஜன் ஊதிய கொப்புளங்களை இப்படித்தான் காட்டினார்கள்.

எனக்குப் பிடித்த தந்திரம் ட்யூட்டிரியம், அதாவது கன ஹைட்ரஜன். வேதியியலில் ஹைட்ரஜனின் இரட்டைதான், ஆனால் சிதறல் 7.6 பார்ன் மட்டுமே. ஒன்றை ஏற்றிவிட்டு மற்றொன்றை உள்ளே விட்டால், பழையது வெளியேறிப் புதியது குடியேறுவதைப் படத்திலேயே பிரித்தறியலாம்.

நம் பக்கத்தில் கல்பாக்கத்து காமினி உலை இருக்கிறது: 30 கிலோவாட், யுரேனியம்-233 எரிபொருள். ராக்கெட்டின் வெடிக்கருவிகளில், உலோக உறைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் நிறைந்த வெடிமருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று அங்கே நியூட்ரான் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. தனி அணு தெரியாது. உயர்வலிமை எஃகை முறிக்க எடையில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு ஹைட்ரஜன் போதும். அவ்வளவு சொற்பம் படத்தில் தேறுவது கடினம். ஓரிடத்தில் திரண்டால்தான் சிக்கும்.