‘தனியா போய்ட்டு வருவாம்லா’

மேலப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பீடி சுற்றுகிறவர். 18 முடிந்த மகனுக்கு அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, துவைத்த சட்டை போட்டுப் பையனை முன்னால் உட்கார வைத்தார்.

“தனியா கடைக்குப் போவானாம்மா?”

“போய்ட்டு வருவாம்லா டாக்டரம்மா. மிச்சக் காசும் சரியா கொண்டாந்துருவான்.”

“பஸ்ஸுல?”

“ஜங்ஷன் வரைக்கும் போவான்.”

துருவிக் கேட்டேன். சாமான் பெயரைச் சீட்டில் எழுதி, ரூபாயை அதிலேயே மடித்துக் கொடுத்து அனுப்புவாராம். மிச்சத்தை எண்ணி அதே சீட்டில் சுற்றித் தருவது கடை அண்ணாச்சி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அக்கா இருப்பாளாம்.

அம்மா பொய் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை ‘முடியாது’ என்று அந்நியர் முன்னால் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

ஆனால் நாங்கள் வைத்திருக்கும் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல் இந்தப் பதில்களைத்தான் மதிப்பெண்ணாக்குகிறது. 2024 வரை நடப்பிலிருந்த 2018 வழிகாட்டு நெறிகளின்படி மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதக் குறைபாடு. 70 முதல் 84 வரை என்றால் வெறும் 25. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 40 சதவீதமாவது வேண்டும். முதலில் சொன்னதை அப்படியே குறித்திருந்தால் பையன் 70ஐத் தாண்டியிருப்பான். விசாரித்த பிறகு வந்தது 58. அதுவும் 18 வயதில் தரும் சான்றிதழ் ஆயுளுக்கும் நிற்பது.

குறையைக் கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. எந்த வேலைக்கு யார் கை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

விதிகள் மாறியதும் பலருக்குத் தெரிவதில்லை. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைபாடுகள் 7 வகை. 2016 சட்டத்தில் 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், தலசீமியா எல்லாம் அதில் வந்துவிட்டன. ‘இதெல்லாம் லிஸ்டில் இல்லை’ என்று எப்போதோ திருப்பி அனுப்பியதை நம்பி, பழைய சீட்டுகளைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். எடுத்துக்கொண்டு மறுபடி வாருங்கள். சதவீதம் சரியில்லை என்று பட்டால் மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் வழி உண்டு, 59ஆம் பிரிவு.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு சதவீதக் கோடு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் பராமரிப்புத் தொகை கேட்டால் 75. ஒன்றிய அரசின் ஓய்வூதியத்துக்கு 80, கூடவே வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். இவ்வளவும் தாண்டி வந்தால் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் வைத்தது, இன்னும் அசையவில்லை.

மதிப்பீட்டுக்கு வருமுன் ஒரு நாள் முழுக்கப் பிள்ளையைக் கவனித்து, பல் தேய்ப்பதிலிருந்து படுக்கப்போவது வரை ஒரு தாளில் குறித்து வாருங்கள். எழுத நேரமில்லையென்றால் வீட்டிலிருக்கும் ஆச்சியைக் கூட்டி வாருங்கள். ஆச்சிமார் எதையும் மழுப்ப மாட்டார்கள்.