மழை பொய்த்தாலே வறட்சி ஆகிவிடுமா?

மானாவாரியில் விதைத்தவருக்குப் பயிர் காய்ந்தாலே வறட்சிதான். அரசுக் கணக்கில் அதற்கு மூன்று படிகள் உண்டு. ஒரு பகுதியை வறட்சி பாதித்ததாக அறிவிப்பது மாநில அரசு. எதைப் பார்த்து அறிவிக்க வேண்டும் என்று சொல்வது மத்திய வேளாண் அமைச்சகத்தின் வறட்சி மேலாண்மைக் கையேடு. 2009இல் வந்த கையேட்டைத் திருத்தும்படி உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் உத்தரவிட்டது, அந்த டிசம்பரிலேயே திருத்திய கையேடு வந்துவிட்டது.

முதல் படி மழை. இயல்பைவிட 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் பற்றாக்குறை, 60 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்தால் கடும் பற்றாக்குறை. கூடவே, தொடர்ந்து 3, 4 வாரங்களுக்கு இயல்பில் பாதிகூடப் பெய்யாமல் போனதா என்றும் பார்ப்பார்கள். கையேட்டில் எனக்குப் பிடித்த விதி இதுதான். பருவத்தின் மொத்த மழை சரியாகவே இருக்கும். ஆனால் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு மாதம் துளி விழாது. வெறும் மொத்தக் கணக்கை வைத்தால் அந்த ஊர் வறட்சிக் கணக்கில் வராமலே போயிருக்கும்.

அடுத்தது பாதிப்பு. விதைத்த பரப்பு, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பயிரின் பசுமை, மண் ஈரம், அணையிலும் நிலத்தடியிலும் உள்ள நீர் என்று நான்கு வகை அளவுகள். இவற்றில் எத்தனை, எவ்வளவு மோசம் என்பதை வைத்து மிதமான வறட்சியா, கடும் வறட்சியா என்று பிரிக்கிறார்கள்.

மூன்றாவதாக, பத்தில் ஒரு கிராமத்தைக் குலுக்கல் போல எடுத்து வயலுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பயிர்ச் சேதம் 33 சதவீதத்தைத் தாண்டினால் மிதமானது, 50ஐத் தாண்டினால் கடுமையானது. கடும் வறட்சி என்றால் மாநிலம் தேசியப் பேரிடர் நிதியைக் கேட்கலாம்.

வறட்சியை அறிவிக்க, கரீப் (மழைக்கால சாகுபடி) பருவத்துக்கு அக்டோபர் 30, ராபிக்கு (குளிர்கால சாகுபடி) மார்ச் 31 என்று கெடு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அக்டோபர் கெடு இடிக்கிறது. வடகிழக்குப் பருவமழையே அப்போதுதான் தொடங்கும். 2016இல் அந்த மழை பொய்த்தபோது, எல்லா மாவட்டங்களுக்குமான அறிவிப்பு 2017 ஜனவரி 10 அன்றுதான் வந்தது.

சரி, முன்கணிப்பு எதற்கு? வானிலை ஆய்வு மையம் வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான மழைக் கணிப்பை வெளியிடுகிறது. விதைப்பைத் தள்ளிப்போடவோ குறுகிய காலப் பயிருக்கு மாறவோ அது உதவும். அறிவிப்புக்கு அது செல்லாது. நடந்து முடிந்ததைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

நிவாரணம் என்று வரும்போது, 2022-26 காலத்துக்கான விதிப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் எக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய். ஒருவருக்கு 2 எக்டேர் வரைதான். பயிர்க் காப்பீட்டுத் தொகை இதில் சேராது, அது தனி. அப்புறம், விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு) பயிர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தரிசு என்று பதிவாகியிருந்தால், காய்ந்த பயிரைக் காட்டி வாதாட வேண்டிவரும்.