சளியில் கிருமி தெரிந்ததா?

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மஞ்சப்பையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவிக் கொடுத்தது மனைவிதான். "ரெண்டு மாசமா டிபி மாத்திரை சாப்பிடுதாவ டாக்டர். மூத்திரம் செவப்பாத்தான் போவுது. ஆனா இருமல் நிக்கல, ஆளு எளைச்சுக்கிட்டே போறாவ."

அந்தச் சிவப்பு, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். மருந்து உள்ளே போகிறது என்றுதான் அது சொல்லும். வந்திருப்பது காசநோய்தான் என்று சொல்லாது.

சளியில் கிருமி தெரிந்ததா என்று கேட்டேன். சளியே எடுக்கவில்லையாம். நுரையீரலின் மேல்பகுதியில் தெரிந்த நிழலை மட்டும் வைத்து வேறோர் இடத்தில் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். காசநோய் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். புற்றுநோயும் அங்கே வரும். இருமல், சளியில் ரத்தம், எடை குறைவது எல்லாமே இரண்டுக்கும் பொது. நம் பக்கம் காசம் அதிகம் என்பதால் கை முதலில் அந்த மாத்திரைக்கே போய்விடுகிறது.

இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டச் சொன்னேன். நகம் தொடங்கும் இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி தெரிய வேண்டும். அவருக்கு அது மூடிக்கிடந்தது. விரல்நுனி உருண்டு பருத்திருந்தது. நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஆகலாம். வேறு சில நோய்களிலும் ஆகும். ஆனால் நாற்பது வருடம் பீடி குடித்தவரிடம் இதைப் பார்த்தால் மனசு திக்கென்றுதான் ஆகும். குரலும் கம்மியிருந்தது. சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் காலம் கடத்துவதுதான் கெடுதல். எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்.

வீட்டில் இரண்டு மாதமாக அவருக்குத் தட்டும் டம்ளரும் தனி. எனக்கு இது ரொம்ப வருத்தம். காசநோயாகவே இருந்தாலும் அது காற்றில் பரவுவது, தட்டில் அல்ல. நோயாளியை மாத்திரை கொடுத்து வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், ஆஸ்பத்திரியில் வைப்பதைவிட அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று மெட்ராஸில் நடந்த ஆய்வு 1959-லேயே காட்டிவிட்டது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள். எச்சில் போதாது, காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து காறிக் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். சிபிநாட் கருவி சுமார் 2 மணி நேரத்தில், கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். கிருமி உறுதியானவர்கள் 6 மாத மாத்திரையை நடுவில் விட்டுவிடாதீர்கள். கிருமி தெரியாமலே மாத்திரை தொடங்கி, இரண்டு மாதத்தில் எடை ஏறாவிட்டால், "வேற ஏதும் இருக்குமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.

அப்புறம், பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்குக் கிளம்பும்போது அந்த அம்மா பைக்கு அடியிலிருந்து இன்னொரு படம் எடுத்தார்கள். போன வருடம் காய்ச்சலுக்கு எடுத்தது. அதே இடத்தில், எட்டணா அளவுக்கு ஒரு புள்ளி. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.