பயிற்சித் தோட்டாவும் வீட்டுக்குள் வரும் ஈயத் தூசும்

டெக்சஸில் தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் நான். பேட்டரி ஆலைத் தொழிலாளர்கள், பழைய இரும்புப் பாலங்களில் பெயின்ட் சுரண்டுபவர்கள் என்று ரத்தத்தில் ஈயம் ஏறி வருபவர்களைப் பார்ப்பது எனக்கு வழக்கம். இப்போது என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள் வேறு. ஆலைப் பக்கமே போகாதவர்கள் அவர்கள். வாரநாளெல்லாம் கணினி முன் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் வீட்டுக் கேரேஜில் தங்கள் வேட்டை ரைபிளுக்குத் தாங்களே தோட்டா நிரப்புகிறார்கள். அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அவர்கள் ஏன் இந்த வேலையில் இறங்குகிறார்கள் என்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே காட்டுப்பன்றி வேட்டைக்கு 45-70 என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைபிளை விரும்பி வாங்குகிறார்கள். ஆப்பிரிக்க வேட்டைக்குப் போகிறவர்கள் 458 வின்செஸ்டர் மேக்னம் என்ற இன்னும் வலுவான தோட்டா வரை போகிறார்கள். 458இன் பின்னுதைப்பு சாதாரண மான் வேட்டை ரைபிளைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நாலு முறை சுட்டதும் தோள் கன்றிப்போகும். அதைவிட மோசம், உதையை எதிர்பார்த்து விசை இழுக்கும்போதே கண் மூடிக்கொள்ளும், உடம்பு சுருங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் குறி தவறும். காயம்பட்ட விலங்கு புதருக்குள் ஓடிச் சாகும். கடைத் தோட்டாவின் விலையோ பயிற்சி செய்ய விடாது. ஆகவே வெடிமருந்து குறைவாக, வேகம் குறைவாக, வீட்டிலேயே வார்த்த ஈயக்குண்டோடு பயிற்சித் தோட்டா செய்துகொள்கிறார்கள்.

யோசனை பழையது. 45-70 என்பது அமெரிக்க ராணுவம் 1873இல் எடுத்துக்கொண்ட தோட்டா: 70 கிரெயின் கருமருந்து, 405 கிரெயின் ஈயக்குண்டு, அதாவது சுமார் 26 கிராம். குதிரைப்படையினரின் குட்டையான, எடை குறைந்த கார்பைன் துப்பாக்கியில் அது தாங்க முடியாத உதை உதைத்ததால், அவர்களுக்கு மட்டும் மருந்தை 55 கிரெயினாகக் குறைத்தார்கள். மென்மையான ஈயக்குண்டை அதிவேகத்தில் செலுத்தினால் குழாயின் உட்சுவரில் ஈயம் அப்பிக்கொள்ளும். வேகம் குறைந்தால் அந்தத் தொல்லை இல்லை, செம்பு உறையும் வேண்டாம். மலிவான பயிற்சித் தோட்டா என்றாலே ஈயக்குண்டு என்று ஆனது இதனால்தான்.

வெடிமருந்து அளவைப் பற்றி நான் பேசப்போவதில்லை; அது என் துறையும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தோட்டாவின் அந்தப் பெரிய பித்தளைக் கூட்டில் கொஞ்சம் மருந்து போட்டால் இரண்டாம் முறை போட்டதும் தெரியாமல் அடங்கிவிடும். சில மருந்துகளை ஒரு அளவுக்குக் கீழே குறைப்பதும் ஆபத்து. மருந்து தயாரிப்பாளர் அச்சிட்ட அளவை விட்டு ஒரு சிட்டிகை விலகினாலும் உங்கள் முகத்துக்கு அருகில்தான் அது வெடிக்கும். இதில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். கவனம் தவறுவது ஈயத்தில்.

ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். வார்ப்புச் சட்டியை 400 டிகிரிக்குள்தான் வைப்பார்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது புகைக்குத்தான். முகமூடி போட்டேன், கேரேஜ் கதவைத் திறந்து வைத்தேன் என்கிறார்கள். செய்ய வேண்டியவைதான். ஆனால் உடம்புக்குள் போவது பெரும்பாலும் தூசு. உருகிய ஈயத்தின் மேல் ஆடைபோல் படியும் சாம்பல்நிறக் கசடை வழித்து ஒரு தகர டப்பாவில் தட்டுகிறார்களே, அது மாவைவிட நைசான ஈய ஆக்சைடு. தட்டும்போது எழும்பி, மேசையிலும் சட்டைக் கையிலும் உட்காரும். அந்தக் கையோடு காபிக் கோப்பையை எடுத்தால் போதும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு இடம் கூடு துலக்கும் இயந்திரம். சுட்ட பித்தளைக் கூடுகளை வாதுமை ஓட்டுத் தூளோடு போட்டு மணிக்கணக்கில் குலுக்குவார்கள். கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி பிரைமர். பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. வெடித்தபின் அதன் மிச்சம் கூட்டுக்குள் கரியாக ஒட்டியிருக்கும். குலுக்கக் குலுக்க அது முழுவதும் தூளில் இறங்குகிறது. மூடியைத் திறந்து சல்லடையில் அரிக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் கேரேஜிலேயே மோசமான நேரம். ஈயம் பட்டால் சிவக்கும் சோதனைத் துடைப்பான் கடைகளில் கிடைக்கிறது. இயந்திரத்தின் மூடியையும் வீட்டுக்குள் திறக்கும் கதவின் கைப்பிடியையும் அதனால் துடைத்துப் பாருங்கள்.

ஒரு தமிழ்க் குடும்பம். ஒரு வயதுக் குழந்தைக்கு வழக்கமாக எடுக்கும் பரிசோதனையில் ஈயம் கூடுதல். வீடு புதியது, 1978இல் தடை செய்யப்பட்ட ஈயப் பெயின்ட்டுக்கு அங்கே வேலையில்லை. குழந்தை மருத்துவர் நம் பழக்கங்களைச் சந்தேகித்தார்: ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், குங்குமம், சித்த மருந்து. சந்தேகம் நியாயமானது, மஞ்சளில் லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தின் கலப்படம் உண்மை, குங்குமத்தில் ஈயமும் உண்மை. பாட்டி கொண்டுவந்த டப்பாக்களையெல்லாம் சோதித்தார்கள், ஒன்றிலும் இல்லை. பாட்டி அழுதே விட்டார். என்னிடம் அனுப்பியபோது, அப்பாவுக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டேன். அம்மா கணவரைப் பார்த்தார். கேரேஜில் தோட்டா செய்கிறவர் அவர். அப்பாவின் ரத்தத்தில் குழந்தையைவிடப் பல மடங்கு இருந்தது. தோட்டா வேலை முடித்த அதே சட்டையோடு அவர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். அதே செருப்போடு கார்ப்பெட்டில் நடப்பார். குழந்தை தவழ்வது அந்தக் கார்ப்பெட்டில்தான். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சினால், குழந்தையின் உடம்பு பாதி வரை உறிஞ்சிவிடும்.

பெரியவர்களிடம் அது சத்தமில்லாமல் வேலை செய்யும். களைப்பு, எரிச்சல், மலச்சிக்கல், மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம். ஐம்பது வயதில் எல்லோருக்கும் வருவதுதானே என்று யாரும் ஈயத்தை நினைப்பதில்லை. ஆண்டுதோறும் எடுக்கும் பொதுப் பரிசோதனையில் ஈயம் சேராது. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போது கையின் ரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுக்கச் சொல்லுங்கள். ஈயம் தொடுகிறவரின் விரல்நுனியில் குத்தி எடுத்தால், தோலில் இருக்கும் தூசும் கலந்து பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

எண்களைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி ஆலைத் தொழிலாளியை வேலையிலிருந்து விலக்கும் அளவு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 60 மைக்ரோகிராம் ஈயம். 40க்குக் கீழே வந்தால் திரும்பலாம். அந்த விதி 1978இல் எழுதப்பட்டது. உங்கள் ரத்தத்தில் 18 என்று வந்தால் அதை அந்த 60உடன் ஒப்பிட்டு நிம்மதி அடையாதீர்கள். ராணுவத் துப்பாக்கிப் பயிற்சித் தளங்களை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு, 40க்குக் கீழேயே உடல் கெடுகிறது என்று 2012இல் எழுதிவிட்டது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2021இல் குழந்தைகளுக்கான எல்லைக்கோட்டை 3.5ஆகக் குறைத்தது. ரத்தத்திலுள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் அது எலும்பிலிருந்து இறங்கிக் கருவைச் சேரும்.

இவற்றுக்காகத் துப்பாக்கியை விற்றுவிடு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. குண்டை வார்ப்பதை விட்டு, பூச்சுப் போட்ட குண்டை வாங்கிக்கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், கசடு வேலை மொத்தமாக ஒழியும். வார்த்தே தீருவேன் என்றால், அதற்கென்று ஒரு சட்டை, ஒரு செருப்பு, இரண்டும் கேரேஜைத் தாண்டக் கூடாது. துவைப்பதும் தனியாக. கூடுகளை நீரில் துலக்குங்கள். அந்தக் கழுநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசைப் பின்பக்கமாக அறையெங்கும் ஊதும், ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் சரி. கைகழுவ ஈயம் நீக்கும் சோப்பு தனியாக விற்கிறார்கள், சாதாரண சோப்பு போதாது. குண்டின் பூச்சைச் சூட்டில் இறுக்கச் சமையலறை ஓவனைப் பயன்படுத்தியவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓவனைத் தூக்கிப் போடச் சொன்னேன்.

ஈயத்தை வெளியேற்றும் மாத்திரை என்று இணையத்தில் விற்பதை வாங்காதீர்கள். கேரேஜில் தூசு இருக்கும்போது அந்த மருந்தை எடுத்தால் உறிஞ்சுவது கூடக்கூடும். அது மிக அதிக அளவு உள்ளவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். மற்றவர்களுக்குத் தூசை நிறுத்துவதுதான் சிகிச்சை. நிறுத்திய மூன்றாம் மாதம் மறுபடி ரத்தம் எடுங்கள். வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அவர்களுக்கும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள், உங்கள் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.